1942 ஏப்ரல் 5இல் இறந்தவர்களுக்குத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பெயர்ச்சுவர் வேண்டும்: கொழும்பு மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு மாநகர முதல்வர் அவர்களுக்கும், மாநகர சபையின் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும், இலங்கைத் துறைமுக அதிகார சபையின் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்பது ஒன்றுதான். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்று இந்த நகரத்தில் இறந்த அத்தனை பேருக்கும் பெயர் வெட்டிய ஒரு சுவர் எழுப்புங்கள். மாலுமி, விமானி, மூட்டை சுமந்தவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் என்று பிரிக்காமல் எல்லோருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும், எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க வேண்டும்.

நான் இந்தத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுகிறவனாக, வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிறந்ததும் இருப்பதும் கொட்டாஞ்சேனையில். என் தகப்பனாரும் துறைமுகத்தில்தான் உழைத்தார். கப்பலையும் கப்பலில் வேலை செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். இதை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பேர்ள் துறைமுகத்தைத் தெரியும். அதைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை நான்கு மாதம் கழித்துக் கொழும்புக்கு வந்தது தெரியாது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசியில் உலை வைத்த இலங்கைக்கு அப்போதே வயிறு கலங்கிவிட்டது. ஏப்ரல் முதலாம் திகதியளவில் தாக்குதல் வரும் என்று உளவுத் தகவல் வந்ததால், அட்மிரல் சோமர்வில் தலைமையிலான பிரித்தானியக் கீழைக் கடற்படை இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் காத்துக் கிடந்தது. எதிரி வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் குறைய, மாலைதீவின் அட்டு பவளத்தீவில் இருந்த இரகசியத் தளத்துக்கு அது திரும்பியது. டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு குரூசர் போர்க்கப்பல்கள் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கி திருகோணமலைக்கும் அனுப்பப்பட்டன. அந்த முடிவு எத்தனை உயிரைக் கொண்டுபோகும் என்று அனுப்பியவர்களுக்கு அப்போது தெரிய நியாயமில்லை.

ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலை வாவியில் இருந்து எழும்பிய கட்டலினா விமானம் ஒன்று, தெற்கே வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பல்களைக் கண்டது. அதை ஓட்டியவர் லெனார்ட் பெர்ச்சல் என்ற கனடிய விமானப்படை அதிகாரி. செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். அவரும் உயிர் தப்பிய சகாக்களும் போர் முடியும்வரை ஜப்பானில் கைதிகளாக இருந்தார்கள். ஆனால் செய்தி கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. புறப்படக்கூடிய நிலையில் இருந்த கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற அதுவே வழி செய்தது. அந்த எச்சரிக்கை வந்திராவிட்டால் துறைமுகத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே என் மனம் நடுங்குகிறது.

மறுநாள் காலை ஏழரை மணியளவில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து புறப்பட்ட 91 குண்டுவீச்சு விமானங்களும் 36 சண்டை விமானங்களும் கொழும்பின் மேலே வந்தன. தாக்குதல் வரும் என்று முதல் நாளே தெரிந்திருந்தும், அது வந்த நேரத்தில் உரிய எச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானையில் நின்ற விமானங்கள் எதிரியைத் தலைக்கு மேல் கண்ட பிறகுதான் ஓடுபாதைக்கு ஓடின. குதிரைப் பந்தயத் திடலில் அவசரமாகப் போட்டிருந்த ஓடுபாதை ஜப்பானியருக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கிருந்தும் பிரித்தானியரின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் எழும்பிப் போய்ச் சண்டையிட்டன. இன்று அந்த இடத்தில் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன.

துறைமுகத்தில் டெனடோஸ் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. ஹெக்டர் என்ற ஆயுதந்தாங்கிய கப்பல் தீப்பற்றி எரிந்து அழிந்தது. லூசியா, பென்லெடி என்ற கப்பல்கள் சேதமடைந்தன. இரத்மலானை விமானத் தளமும் ரயில்வே வேலைத்தளமும் தாக்கப்பட்டன. அங்கொடை மனநல மருத்துவமனையில் குண்டு விழுந்து நோயாளிகள் இறந்தார்கள். கொழும்பில் இறந்த பொதுமக்கள் 85 பேர் என்று போர் வரலாறுகள் எழுதுகின்றன. 85 என்ற எண்ணோடு அந்த வரி நின்றுவிடுகிறது, பெயர் வருவதில்லை. இந்த மடல் அந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

அன்று மதியம் கடலில் நடந்தது இன்னும் பெரிய அழிவு. முதல் நாள் இரவு கொழும்பை விட்டுப் புறப்பட்ட டோர்செட்ஷயரையும் கோர்ன்வாலையும் ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்தன. இருபது நிமிடத்துக்குள் இரண்டும் கடலுக்கடியில். 424 பேர் இறந்தார்கள். எண்ணெய் படர்ந்த தண்ணீரில், வெயிலிலும் இரவுக் குளிரிலும் மிதந்தவர்களில் 1,122 பேரை அடுத்த நாள்தான் மீட்டார்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேறியிருந்த ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே முதன்முதலில் வடிவமைக்கப்பட்ட கப்பல் அது, ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் அதோடு போனார்கள். கூடப் போன அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் மூழ்கியது, அதன் கப்டன் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் இன்னொரு ஜப்பானியப் படை 23 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது.

இறந்த கடற்படையினரின் பெயர்கள் தொலைந்து போகவில்லை. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளைமவுத், சாத்தம் ஆகிய மூன்று துறைமுக நகரங்களிலும், கடலோடு போன மாலுமிகளுக்கென்று உயர்ந்த தூண்கள் நிற்கின்றன. கல்லறை கிடைக்காத ஒவ்வொருவருடைய பெயரும் அவற்றின் வெண்கலத் தகடுகளில் இருக்கிறது. கப்பலின் பெயர் தெரிந்தால் கைபேசியிலேயே தேடி எடுக்கலாம். உடல் கரைக்கு வந்தவர்களுக்கு நமது மண்ணிலேயே கல்லறைகள் உண்டு. திருகோணமலையில் நிலாவெளி வீதியில் ஒரு போர் மயானம் இருக்கிறது. கொழும்பில் ஜாவத்தை மயானத்தின் ஒரு பகுதியைப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கிறது.

முதல்வர் அவர்களே, நேரம் ஒதுக்கி ஜாவத்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கற்கள் எல்லாம் ஒரே அளவு. அதிகாரிக்குப் பெரியது, சிப்பாய்க்குச் சிறியது என்று இல்லை. படையின் சின்னம், பெயர், பதவி, இறந்த திகதி, வயது. வயதைப் படித்துக்கொண்டே வரிசையில் நடந்தால், நமது வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளின் வயது அடிக்கடி வரும். கல்லின் அடியில் ஒரு வரி எழுதிக் கொடுக்கக் குடும்பத்தாருக்கு ஆணைக்குழு இடம் விட்டிருந்தது. தாயும் மனைவியும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்து எழுதி அனுப்பிய வரிகள் அவை. புல் வெட்டி, கல்லைக் கழுவி, எழுத்து மங்கினால் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். இதில் எனக்குக் குறையே இல்லை, மனதார நன்றி சொல்கிறேன். இறந்தவர்களை இப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.

அந்த மரியாதை அதே காலையில், அதே குண்டில் இறந்த, மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமிக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஹட்சுக்குள், அதாவது கப்பலின் சரக்கறைக்குள், வேலை என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். கொள்கலன்கள் வருவதற்கு முந்திய காலத்துக் கப்பலில் சரக்கு தட்டுத் தட்டாக அடிமட்டம் வரைக்கும் கிடக்கும். தார்ப்பாயை ஒதுக்கி, ஹட்ச் பலகைகளைக் கழற்றி, சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணியில் இறங்கிப் போக வேண்டும். கீழே போனால் வெளிச்சம் என்பது தலைக்கு மேலே தெரியும் ஒரு சதுர வானம் மட்டுமே. சணல் தூசும் மிளகாய் நெடியும் மூச்சை அடைக்கும். சரக்குத் தூக்கும் வின்ச் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. மேலே விளிம்பில் நிற்கும் சிக்னல்காரரின் கை அசைவைப் பார்த்துத்தான் கீழே உள்ளவர்கள் விலகுவதும் நெருங்குவதும். அவசரம் என்று வந்தால் ஏணியில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். முதல் ஆள் மேலே கையை ஊன்றும்போது கடைசி ஆள் இன்னும் கீழே தன் முறைக்காக நிற்பார். இதை நான் என் கண்ணால் பார்த்தவன், சமாதான காலத்தில், சின்னத் தீ விபத்துக்கே பார்த்தவன். வானத்தில் இருந்து குண்டு விழும் காலையில், எச்சரிக்கையும் பிந்தி வந்த காலையில், கப்பலிலும் பார்ஜிலும் ஜெட்டியிலும் நின்ற தொழிலாளியின் நிலையை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகப் போர்க்காலத் துறைமுகம் கதவைச் சாத்துவதில்லை.

அந்தக் காலத்துத் துறைமுகத் தொழிலாளிகள் யார்? தென்னிந்தியாவில் இருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகை. அவர்களோடு சிங்களவர், முஸ்லிம்கள். ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பகுதிகளில், தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில், ஓர் அறையில் பலர் படுத்து எழும்பியவர்கள். துறைமுகம் அப்போது அரசின் கையில் இல்லை. இறக்கும் ஏற்றும் வேலையைத் தனியார் கம்பெனிகள் நடத்தின, கங்காணிமார் ஆள் சேர்த்தார்கள். துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் 1958இல்தான் வந்தது, அதிகார சபை 1979இல். ஆகவே 1942இல் வேலைக்குப் போய் வராதவர்களின் பதிவு எந்த ஓர் இடத்திலும் முழுதாக இல்லை.

குண்டு விழுந்த அடுத்த நாட்களில் கொழும்பு வெறிச்சோடிப் போனது. ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சனம் ஊர்ப்பக்கம் ஓடியது. இந்தியத் தொழிலாளர் பலர் கடல் கடந்து ஊருக்கே போய்விட்டார்கள். துறைமுகத்தில் ஆள் தட்டுப்பாடு வந்தது. என் தகப்பனார் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த ஆட்கள் சொன்ன ஒன்றை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழமை பெயர் கூப்பிட்டபோது பல பெயருக்குப் பதில் வரவில்லையாம். ஊருக்கு ஓடியவர் யார், செத்தவர் யார் என்று யாராலும் சொல்ல முடியவில்லையாம். கங்காணி இரண்டு விதமானவர்களுக்கும் ஒரே மாதிரிக் கோடு கிழித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாராம்.

அதற்குப் பிறகும் யாரும் கேட்காததற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை வந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றியது. நமது பேச்சில் இதை எப்போதும் மலையகத்துக் கதையாகவே சொல்கிறோம். கொழும்புத் துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் உழைத்தவர்களுக்கும் அதே கதிதான். வாக்குரிமை இல்லாதவர், நாளை இங்கே இருப்போமா என்று தெரியாதவர், அண்ணனின் பெயரைக் கல்லில் வெட்டித் தாருங்கள் என்று மாநகர சபைப் படியேறிக் கேட்பாரா? கேட்க வேண்டிய குடும்பங்கள் இங்கே இல்லாமல் போனதால்தான் இன்று இந்த நகரத்தில் வாழ்கிற நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

விகாரமகாதேவி பூங்காவில் ஒரு போர் நினைவுத் தூண் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. லண்டனில் வைட்ஹோல் நினைவுச்சின்னத்தை வடிவமைத்த எட்வின் லுட்யென்ஸ் வடிவமைத்தது. முதலாம் உலகப் போருக்காக 1923இல் காலிமுகத்திடலில் திறந்து வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, கடலில் இருந்து சுடும் எதிரிக்கு அந்தத் தூண் குறியடையாளமாகிவிடும் என்று பயந்து, கழற்றிக் கொண்டுபோய்ப் பூங்காவில் நட்டார்கள். இந்த நகரம் கடற்போருக்கு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அந்தத் தூண் நிற்கிற இடமே சாட்சி. அதன் பின்சுவரில் இரண்டு உலகப் போரிலும் இறந்த இலங்கைப் படையினரின் பெயர்கள் உண்டு. நவம்பரில் மலர்வளையம் வைக்கிறார்கள், வைக்க வேண்டியதுதான். ஆனால் அது சீருடை அணிந்தவர்களுக்கான சுவர். துறைமுகத் தொழிலாளிக்கோ அங்கொடை நோயாளிக்கோ அதில் இடமில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இந்த மடலை எழுத உட்கார வைத்தது.

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்யும் மாநாடு நடந்தது. இலங்கையின் சார்பில் அப்போதைய நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன பேசினார். பகைமை பகைமையால் தணிவதில்லை என்ற புத்தரின் வாக்கைச் சொல்லி, இலங்கை ஜப்பானிடம் நட்டஈடு கேட்காது என்று அறிவித்தார். அந்தப் பேச்சு ஜப்பானியர் மனதில் இன்றுவரை நிற்கிறது. அதில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. நட்டஈடு கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லி, அதற்குக் காரணங்களை அடுக்கும்போது, அவர் விமானத் தாக்குதல்களால் வந்த சேதத்தையும் சொல்கிறார். அந்தத் தாக்குதல்கள் வேறெவை? கொழும்பிலும் திருகோணமலையிலும் 1942 ஏப்ரலில் விழுந்த குண்டுகளே. அப்படியானால் அன்று நாடு மன்னித்ததில் அந்த 85 பேரின் சாவும் அடக்கம். ஜப்பானில் காமகுரா நகரத்துப் பெரிய புத்தர் ஆலய வளவில் அந்தப் பேச்சுக்காக 1991இல் ஒரு நினைவுக் கல் நாட்டியிருக்கிறார்கள். நமது மன்னிப்புக்கு அங்கே கல் இருக்கிறது. யாருடைய சாவை மன்னித்தோமோ அவர்களுக்கு இங்கே ஒரு கல் கிடையாது. இது எந்த அரசாங்கத்தின் தனிக் குற்றமும் அல்ல. எல்லா அரசாங்கங்களும், எல்லாச் சபைகளும், இந்த நகரத்து மக்களாகிய நாங்களும் விட்டுவிட்ட கடமை.

எப்படிப்பட்ட நினைவுச்சின்னம் என்று கேட்டால், வெற்றித்தூண் எனக்கு வேண்டாம். 1805 திரஃபல்கர் கடற்போருக்காக லண்டனில் நெல்சனை வானளாவ நிறுத்திவைத்த தூண் 1843இல் எழுந்தது. பார்க்கிறவர் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு தளபதி நிற்கிறார். எனக்கு அதில் பிடித்தது உயரம் அல்ல. அடிப்பீடத்தின் வெண்கலச் சிற்பத்தில் நெல்சன் சாகும் காட்சியில், கூட நின்று போராடிய கறுப்பின மாலுமி ஒருவரையும் செதுக்கியிருக்கிறார்கள். தளபதியின் தூணிலேயே பெயர் தெரியாத ஒருவனுக்கு இடம் கிடைத்தது. நமக்கோ தளபதியே வேண்டாம். 1942 ஏப்ரலில் கொழும்பில் யாரும் பெருமையாக வெல்லவில்லை. ஜப்பானியர் தேடி வந்த கீழைக் கடற்படை கைக்கு அகப்படவில்லை, பிரித்தானியர் கப்பல்களையும் ஆட்களையும் இழந்தார்கள், நகரம் பிணங்களை எடுத்தது.

சென்னைக்குப் போனவர்கள் உயர் நீதிமன்ற மதிலில் ஒரு சின்னக் கல்லைப் பார்த்திருக்கலாம். 1914 செப்டெம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதைச் சொல்லும் கல் அது. கடந்து போகிறவர் நின்று படிக்கும் உயரத்தில் இருக்கிறது. அதே எம்டன் நவம்பரில் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் தோற்று அழிந்ததும், பிடிபட்ட மாலுமிகளைக் கொழும்புக்குத்தான் கொண்டுவந்தார்கள். கடற்போர் நினைவுக்கு மலை போன்ற கட்டடம் தேவையில்லை என்று அந்தக் கல் காட்டுகிறது. கொழும்புச் சுவரும் இடுப்பளவு உயரம் இருந்தால் போதும், ஒரு பிள்ளை தன் கையால் எழுத்தைத் தடவிப் பார்க்கும் உயரம்.

அது வெள்ளைக்காரனின் போர், நமக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தப் போரை நமது போர் என்று சொல்லவில்லை. யார் போரானாலும் குண்டு விழுந்தது கொழும்பில்தான். இறந்தவர்கள் தாங்கள் எந்தச் சாம்ராச்சியத்துக்காக இறக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு இறக்கவில்லை. அன்று விழுந்த ஜப்பானிய விமானங்களின் விமானிகளையும் அந்தச் சுவரில் ஒரு மூலையில் குறிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு எதிர்ப்பு வரலாம். சான் பிரான்சிஸ்கோவில் நாடு சொன்ன சொல்லுக்கு அதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டில் நினைவுச்சின்னம் என்றாலே முறுகல் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்ததையும், பிள்ளைகள் உண்ணாவிரதம் இருந்ததையும், அது மறுபடி எழுந்ததையும் தமிழர் நாங்கள் மறக்கவில்லை. ஒரு துயரத்துக்குக் கல் நாட்டி இன்னொரு துயரத்தை மூடிவிட முடியாது, அந்த நோக்கமும் எனக்கில்லை. ஒவ்வொரு துயரத்துக்கும் அதனதன் இடம் வேண்டும். ஆனால் 1942 ஏப்ரல் 5இன் பட்டியலில் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் முஸ்லிம் பெயரும் மலையாளப் பெயரும் ஆங்கிலப் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அதைத் தடுக்க எந்தக் கட்சிக்கும் காரணம் கிடையாது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுக வேலிக்குள் வைக்காதீர்கள். பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாத இடத்தில் வைத்தால் அது அதிகாரிகள் மட்டும் பார்க்கும் கல்லாகிவிடும். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கம் வைக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். தொழிலாளர் குடியிருந்த பகுதி என்பதால் எனக்கும் முதலில் ஆசைதான். ஆனால் 2019இல் இன்னோர் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போடு அந்தக் கோவிலுக்குள் வந்துபோனது. அந்தக் குடும்பங்கள் இன்னும் நீதி கேட்டு நிற்கின்றன. அந்த மண்ணை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும். ஆகவே என் விருப்பம் கோட்டையில் சைத்திய வீதி, கலங்கரை விளக்கத்தின் பக்கம். அங்கே கடலும் தெரியும், துறைமுகமும் தெரியும், மாலையில் சாதாரண சனம் பிள்ளைகளோடு காற்று வாங்க வரும்.

பணமில்லை என்பீர்கள். 2022இல் இந்த நாடு பட்டபாட்டுக்குப் பிறகு, குப்பைக்கும் வடிகாலுக்கும் காசு தேடும் சபையிடம் பளிங்கு கேட்க எனக்கு வாய் வராது. உள்ளூர்க் கருங்கல் போதும். அதுவும் உடனே வேண்டாம். முதலில் வேண்டியது பெயர்கள், அதற்குக் கல்லைவிடக் காலம்தான் அவசரம். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவர்கள் வாயில் மிச்சமிருக்கும் பெயர்கள் இன்னும் சில ஆண்டுகளில் போய்விடும்.

பெயர்களைத் தேட வழி இருக்கிறது. 1942 ஏப்ரல், மே மாதங்களின் மரணப் பதிவுகள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பொறுப்பில் வருபவை. கனத்தையும் மாதம்பிட்டியும் மாநகர சபையின் மயானங்கள், புதைத்த பதிவேடு உங்கள் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் அந்த நாட்களில் வெளிவந்துகொண்டிருந்தன. தணிக்கை இருந்த காலமானாலும் மரண அறிவித்தல்களில் பெயர் வரும். பழைய பத்திரிகைகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். கோவில், பள்ளிவாசல், தேவாலயக் குறிப்புகளும் உண்டு. கங்காணிகளிடம் ஆள் வாங்கிய பழைய கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களில் ஏதாவது 1958இல் கூட்டுத்தாபனத்துக்குக் கைமாறியிருந்தால், அதிகார சபையின் களஞ்சியத்தில் தேட வேண்டும். முதலாம் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்க மக்கள் பலரை வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரத் தவறிவிட்டோம் என்று போர்க் கல்லறைகள் ஆணைக்குழு 2021இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்த மனநிலையில் இருக்கும் ஓர் அமைப்பிடம் உதவி கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிறேன். எல்லாம் தேடியும் பெயர் கிடைக்காதவருக்குச் சுவரில் வெற்று வரி ஒன்று விடுங்கள். பின்னால் யாராவது ஆதாரத்தோடு வந்தால் அதில் வெட்டலாம்.

சபையிடம் இப்போதைக்கு நான் வேண்டுவது ஒரு தீர்மானமும் ஓர் அனுமதிக் கடிதமும்தான். இந்தச் சுவரை அமைக்கச் சபை கொள்கையளவில் இணங்குகிறது என்று ஒரு தீர்மானம். மயானப் பதிவேடுகளையும் துறைமுகக் களஞ்சியத்தையும் பார்வையிட எங்களுக்கு ஓர் அனுமதிக் கடிதம். என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற டாலி கிளார்க்குகள் சிலர் இன்னும் திடமாக இருக்கிறார்கள், சிங்களம் வாசிப்பவர்களும் தமிழ் வாசிப்பவர்களும் உண்டு. புத்தகத்தைப் பார்த்துப் பெயரை எழுதுவதும், ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்ப்பதும் எங்கள் தொழில். சம்பளம் கேட்க மாட்டோம். கடிதம் கிடைத்த மறுவாரமே வேலையைத் தொடங்குவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துறைமுக டாலி கிளார்க் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.